நெஞ்சுப் பட்டியும் கொழுந்துக் கூடையும்

நமக்கு 53 வயது நிறைந்த மாதத்தில் வைத்தியர் நமது கையிலே பட்டையைச் சுற்றி இரத்த அழுத்தத்தை அளந்துவிட்டு, "மாஸ்டர், உப்பைக் குறையுங்கள், உடம்பை அசையுங்கள்" என்றார். உப்பைக் குறைப்பது வீட்டாரின் பொறுப்பாயிற்று. உடம்பை அசைப்பது நமது பொறுப்பு. தலவாக்கலைக்கு அண்மையில் ஒரு பாடசாலையில் ஏறக்குறைய முப்பதாண்டுகள் நின்றுகொண்டே பாடஞ் சொல்லிக் கொடுத்த நமக்கு, நிற்பதும் ஓர் உழைப்புத்தானே என்று வாதாடத் தோன்றிற்று. வைத்தியர் அதற்குச் செவி சாய்க்கவில்லை. ஆகவே ஒரு பழைய துவிச்சக்கர வண்டியை வாங்கினோம்.

மலைநாட்டிலே சைக்கிள் அரிய பொருள். யாழ்ப்பாணத்து ஆசிரிய நண்பர்கள் சைக்கிளைப் பற்றிப் பேசும்போது வீட்டில் வளர்த்த பசுவைப் பற்றிப் பேசுவது போலப் பேசுவார்கள். அங்கே நிலம் தட்டையானது. இங்கே ஒரு பக்கம் மலை, மறு பக்கம் பள்ளம். நமது இளமையில் தோட்டத்துக்குள் சைக்கிளைக் கண்ட நினைவே இல்லை. துரைக்கு ஜீப் வண்டி, கணக்கப்பிள்ளைக்கு மோட்டார் சைக்கிள், ஏனையோருக்கெல்லாம் கால்கள். லயத்துக் காம்பராவில் பிறந்து வளர்ந்த நாம் ஐம்பது வயதுக்கு மேல் சைக்கிளேறியதைக் கண்டு ஊரார் சிரித்தனர். அதில் தவறொன்றுமில்லை.

செய்தி கனடாவரை எட்டிவிட்டது. நம்மிடம் கணிதம் பயின்ற மாணவர் ஒருவர் அங்கே இருக்கிறார். குருதட்சிணையோ, குருவின் உயிர்மீது கொண்ட கவலையோ, ஒரு பொதி அனுப்பி வைத்தார். உள்ளே இரண்டு பொருள்கள் இருந்தன: நெஞ்சைச் சுற்றிக் கட்டும் ஒரு பட்டி, வண்டியின் கைப்பிடியிலே பொருத்தும் தீப்பெட்டியளவான ஒரு கணிப்பொறி. முன்னது இதயத் துடிப்பை எண்ணும். பின்னது அவ்வெண்ணிக்கையை வாங்கிக் காட்டும்; அத்துடன் சென்ற வழி, தூரம், வேகம், ஏறிய உயரம் யாவற்றையும் குறித்துக்கொள்ளும். பட்டியின் விலை மட்டும் 90 அமெரிக்க டொலர் என்று பின்னர் அறிந்தோம். அன்றைய நாணய மாற்றில் ஏறத்தாழ 27,000 ரூபாய். இத்தொகையைப் பற்றிப் பின்னே பேச வேண்டியிருக்கிறது.

பட்டியின் உட்புறத்தில் இரண்டு மின்முனைகள் உள்ளன. இதயம் ஒவ்வொரு முறை சுருங்கும்போதும் ஒரு சிறு மின்னலை உடம்பெங்கும் பரவித் தோலின் மேற்பரப்பை வந்தடைகிறது. அதன் அளவு ஒரு மில்லிவோல்ற்று எனலாம். உலர்ந்த தோலில் அது நன்கு பிடிபடாது. ஆதலால் பட்டியை நீரில் நனைத்தே அணிய வேண்டும். அதிகாலை ஐந்தரை மணிக்கு, நனைந்த பட்டியை மலைக்குளிரில் வெறும் நெஞ்சின்மீது வைத்துக் கட்டும் அந்தக் கணத்தில், விஞ்ஞானத்தின்மீது நாம் கொண்ட மதிப்புச் சற்றே தளர்வதுண்டு.

மணிக்கட்டில் கடிகாரம் போல் அணியும் கருவியும் இருக்கிறது. அது மின்னலையை நாடுவதில்லை. பச்சை ஒளியைத் தோலுக்குள் செலுத்தி, நாளத்தில் இரத்தம் பெருகிக் குறைவதைத் திரும்பி வரும் ஒளியின் மாற்றத்தால் உணர்கிறது. அலுவலகத்தில் அமர்ந்திருப்போருக்கு அது போதும். நமது மலைக்காற்றிலே கைவிரல்கள் விறைத்து, தோலுக்கடியில் ஓடும் நாளங்கள் சுருங்கி, கரடுமுரடான தோட்டப் பாதையில் கைப்பிடியும் அதிருமானால் அது குழம்பிப் போகிறது. இரவல் வாங்கி அணிந்த அத்தகைய கடிகாரமொன்று, நாம் மூச்சு முட்டி ஏறிக்கொண்டிருந்த வேளையில் 74 என்று சாந்தமாகக் காட்டியது. நெஞ்சுப் பட்டி அப்போது 148 என்றது. நமது நெஞ்சும் பட்டியின் பக்கமே சாட்சி சொல்லிற்று.

இந்த மின்னலையைப் படமாக்கிய வரலாறு சுவையானது. 1887இல் இலண்டனில் வாலர் என்பவர் மனித இதயத்தின் மின்னோட்டத்தை முதன்முதற் பதிவு செய்தார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐந்தோவன் என்னும் டச்சு உடலியலாளர் அதனைத் தெளிவாக வரையும் இயந்திரத்தை ஆக்கினார். அளக்கப்படுபவர் கைகளையும் காலையும் உப்பு நீர்ப் பாத்திரங்களில் அமிழ்த்தியவாறு அசையாதிருக்க வேண்டும். 1924இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அந்த ஐந்தோவன் பிறந்த ஊர் ஹொலாந்திலன்று, ஜாவாவின் செமராங் பட்டினத்தில். ஆண்டு 1860. காப்பியும் கரும்பும் தேயிலையும் விளைந்த டச்சுக் குடியேற்ற நாடு அது. எத்தனையோ தோட்டக் கூலிகளின் இதயங்கள் எவராலும் எண்ணப்படாமலே நின்றுபோன மண்ணிலே, இதயத்தை எண்ண வந்தவர் பிறந்திருக்கிறார். அவர்மீது நமக்குக் குறையில்லை. பிறக்கும் இடத்தை யார் தேர்ந்துகொள்கிறார்?

பாத்திரங்களிலிருந்து கருவியை விடுவித்து, ஓடுகின்றவனின் நெஞ்சிலேயே கட்டியவர்கள் பின்லாந்து நாட்டினர். பனிச்சறுக்கு வீரர்களுக்காக ஊலு நகரத்துப் பேராசிரியர் ஒருவர் 1977இல் தொடங்கிய போலார் என்னும் நிறுவனம், 1982இல் கம்பியின்றி மணிக்கட்டில் எண்ணைக் காட்டும் கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. இன்று அக்கருவியின் வழித்தோன்றல்கள் உலகெங்கும் பரவிவிட்டன.

துடிப்பை எண்ணினாற் போதாது; எத்தனை துடிப்பு எவருக்கு மிகை என்பதும் தெரிய வேண்டும். கருவி நமது வயதைக் கேட்டது. 220இலிருந்து வயதைக் கழித்தால் ஒருவர் எட்டக்கூடிய உச்சத் துடிப்பு வருமாம். நமக்கு 167. 1971 முதல் வழங்கிவரும் இந்தச் சூத்திரம் முறையான ஓர் ஆராய்ச்சியில் விளைந்ததன்று. பழைய பல அளவீடுகளை ஒரு வரைபடத்தில் வைத்துக் கண்ணால் மதிப்பிட்டுக் கோடு கிழித்ததன் பயன். 2001இல் பல ஆய்வுகளைத் தொகுத்து ஆராய்ந்தவர்கள், வயதின் பத்தில் ஏழு பங்கை 208இலிருந்து கழிப்பதே பொருந்தும் என்றனர். அதன்படி நமக்கு 171. இரண்டுமே சராசரிகள். ஒரே வயதினர் இருவருக்குள் இருபது துடிப்பு வேறுபாடும் இருக்கக்கூடும். மாணவர்க்குச் சராசரியின் குறையை விளக்க இதைவிடச் சிறந்த உதாரணம் நமக்குக் கிடைத்ததில்லை.

சனிக்கிழமைகளில் நாம் வழக்கமாகச் செல்லும் பாதை, தலவாக்கலையிலிருந்து லிந்துலை வழியே நானுஓயாவுக்கு ஏறுவது. தலவாக்கலை புகையிரத நிலையத்துப் பலகையில் 3,932 அடி என்றும், நானுஓயாப் பலகையில் 5,291 அடி என்றும் உயரம் எழுதப்பட்டிருக்கும். தேயிலைப் பெட்டிகளைக் கொழும்புத் துறைமுகத்துக்கு இறக்கும் பொருட்டு வெள்ளையர் 1885இல் நானுஓயாவரை தண்டவாளம் போட்டபோது அளந்தவை. வித்தியாசம் 414 மீற்றர். நமது கருவி காற்றழுத்தத்தைக் கொண்டு உயரத்தைக் கணிப்பதால் வானிலை மாறினால் அதன் கணக்கும் மாறும். இடையிலுள்ள இறக்கங்களைக் கழித்துப் பார்த்தால் ஒருநாள் 421 என்றது, மழைநாளொன்றில் 398 என்றது. வெள்ளைக்காரனின் பலகை மட்டும் மாறவேயில்லை.

பொய் சொல்வானேன், நமக்கு இந்த எண்கள்மீது ஆசை பிறந்துவிட்டது. ஓய்வுத் துடிப்பு மூன்று மாதத்தில் 74இலிருந்து 65க்கு இறங்கிற்று. இரத்த அழுத்தமும் குறைந்தது. வைத்தியர் முதன்முறையாகப் புன்னகை செய்தார். ஆசிரியர் ஓய்வறையிலே வரைபடத்தைக் காட்டிச் சக ஆசிரியர்களைச் சலிப்படையச் செய்தோம். கருவியைத் திறன்பேசியிலுள்ள செயலியோடு இணைத்தால், ஒவ்வொரு மலையேற்றத்திலும் உலகத்தார் எடுத்துக்கொண்ட நேரம் வரிசையாக வரும். எல்லோரிலும் விரைந்து ஏறியவருக்கு 'மலையின் மன்னர்' என்று பட்டமும் கிரீடமும் உண்டு. நாம் ஏறும் பாதையில், பாலத்திலிருந்து ஸ்டோர் வாசல்வரையுள்ள துண்டு ஏற்றத்துக்கும் ஒரு மன்னர் இருந்தார். விடுமுறைக்கு வந்து ஒரே ஒரு காலைப்பொழுது அவ்வழியே சென்ற ஐரோப்பியர். அந்த மலையிலே நாற்பதாண்டுகளாக நாளுக்கு மூன்று முறை கூடையோடு ஏறுகிறவர்கள் அவ்வரிசையில் இல்லை.

இருக்கவும் முடியாது. செயலியில் எவருடைய தடம் பதிகிறதோ அவரே அங்கு இருக்கிறார். 2009இல் தொடங்கிய ஸ்ட்ராவா என்னும் செயலி, தன்னிடம் சேர்ந்த கோடிக்கணக்கான தடங்களை ஒரே உலகப் படமாக்கி 2017இன் இறுதியில் வெளியிட்டது. ஆட்கள் மிகுதியாக ஓடிய பாதைகள் அதில் ஒளிரும். 2018 ஜனவரியில் ஆஸ்திரேலிய மாணவர் ஒருவர், பாலைவனங்களின் நடுவே தனித்து ஒளிரும் சதுரங்கள் அமெரிக்கப் படைமுகாம்கள் என்று கண்டு சொன்னார். உடற்பயிற்சிக்கு ஓடிய சிப்பாய்கள் தம் இரகசியத்தைத் தாமே எழுதிவிட்டிருந்தார்கள். இத்தடங்களைச் சாத்தியமாக்கும் செய்மதிகளும் அமெரிக்கப் படைக்காகவே ஏவப்பட்டவை. 2000 மே மாதம்வரை பொதுமக்களுக்கு வேண்டுமென்றே பிழை கலந்த குறிப்புகளையே அவை தந்து வந்தன.

அதே படத்திலே நாம் நம் மலைகளைத் தேடினோம். நுவரெலியாவின் ஏரிக்கரை ஒளிர்ந்தது. பெருந்தெரு ஒளிர்ந்தது. லயங்களிலிருந்து கொழுந்து மலைகளுக்கும் மலைகளிலிருந்து மடுவத்துக்கும் செல்லும் ஒற்றையடிப் பாதைகள் பெரும்பாலும் இருண்டு கிடந்தன. அங்கே நடமாட்டம் இல்லை என்று படம் சொல்லிற்று. அண்மையில் அந்த இருளிலும் சில கோடுகள் தோன்றியிருப்பது உண்மை. பழைய தோட்டப் பாதைகளை இணைத்து, கண்டிக்கு அருகிலுள்ள ஹந்தானையிலிருந்து நுவரெலியாவரை 300 கிலோமீற்றருக்கு மேல், 22 பகுதிகளாக, 'பீக்கோ' நடைவழி என்று ஒன்றை 2023இல் திறந்தார்கள். தடங்களைச் செய்மதிக் குறிப்பாகப் பெற்றுக்கொண்டு வெளிநாட்டார் நடக்கிறார்கள். நல்லதே, சிற்றூர்களுக்கு நாலு காசு வரும். ஆயினும் நமது பாட்டன்மார் சுமையோடு நடந்து உண்டாக்கிய பாதை, ஓய்வெடுக்க வந்தவர் நடந்த பிறகே படத்தில் ஒளி பெறுகிறது என்பதை மறக்க இயலவில்லை.

இனி அக்காவின் கதைக்கு வருவோம்.

2025 பெப்ரவரியில் ஒரு சனிக்கிழமை. கிழக்கிலிருந்து உலர்ந்த குளிர்காற்று வீசும் காலம். இந்தப் பக்கத்துத் தேயிலைக்கு ஏலத்தில் நல்ல விலை கிடைக்கும் காலமும் அதுவே. வளைவொன்றில் வண்டியை நிறுத்தி, கைப்பிடிமீது கவிழ்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தோம். கருவியில் 151. அவ்வேளையில் நிரையை முடித்துக்கொண்ட பெண்கள் பாதையைக் கடந்து மடுவத்துக்கு ஏறினர். படங்கு கட்டி, தலையில் கயிற்றை மாட்டி, முதுகில் கூடையோடு வந்தவர்களில் நமது தமக்கையாரும் ஒருவர்.

"என்னா தம்பி, இப்புடி மூச்சு வாங்குது? வண்டியத் தள்ளி வுடவா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நாமும் சிரித்தோம். சிரித்து முடிவதற்குள் அக்கா பக்கத்திலிருந்த சவுக்கு மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். "ஒன்னுமில்ல, கிறுகிறுன்னு வருது. நின்னா சரியாப் போயிரும்."

அது முதல் முறையன்று. பல மாதங்களாக மலையேறும்போது தலை சுற்றுவதாகச் சொல்லி வந்தார். மருந்து கேட்கப் போன இடத்தில் வெள்ளை மாத்திரை கொடுத்து, வயதாகிவிட்டது என்று அனுப்பிவிட்டார்களாம். அக்காவுக்கு 55 வயது. நமக்கோ 53, நமது இதயத்தை எண்ணுவதற்கு கனடாவிலிருந்து கருவி வந்திருக்கிறது. நம்மைப் படிக்க வைப்பதற்காகப் பதினான்கு வயதிலே பேர் பதிந்து கொழுந்தெடுக்கப் போனவர் அவர். இதை எழுத நமக்கு வெட்கமாயிருக்கிறது. ஆயினும் எழுதத்தான் வேண்டும்.

அடுத்த சனிக்கிழமை பிரட்டுக்கு முன்னே அவருடைய காம்பராவுக்குச் சென்றோம். பட்டியைச் சட்டைக்குள்ளே அவரே கட்டிக்கொண்டார்; கணிப்பொறியைப் பழைய ஸ்வெட்டர்ப் பைக்குள் வைத்தோம். "இதக் கட்டுனா பேர் கூடப் போடுவாங்களா?" என்று கேட்டார். இல்லை என்றோம். "அப்ப கங்காணி கண்ணுல படாம இருக்கணும். என்னமோ ஏதோன்னு கேப்பாரு."

பதிவைத் தொடங்கும்போது, இது எவ்வகைச் செயல் என்று கருவி வினவியது. பட்டியலில் சைக்கிள், ஓட்டம், நீச்சல், பனிச்சறுக்கு, யோகாசனம், கோல்ப் என்று வரிசையாக வந்தன. கொழுந்தெடுத்தல் இல்லை. வேலை என்ற சொல்லே இல்லை. 'நடை' என்று குறித்தோம்.

மாலை நாலரை மணிக்கு இஸ்தோப்பில் அமர்ந்து அந்த நடையைப் பார்த்தோம். செய்மதிக் கோடு ஒரே மலைக்குள், கைதவறிச் சிக்குண்ட நூற்கண்டு போலக் கிடந்தது. அதில் ஒரு பங்கு கருவியின் தடுமாற்றம். ஒரே இடத்தில் நின்று பறித்தாலும் அது நடந்ததாகவே வரையும். மடுவத்துக்கு ஏறிய மூன்று தடங்கள் மட்டும் தெளிவாக இருந்தன. துடிப்பின் வரைபடத்தில் ஐயமில்லை. வேலை தொடங்குமுன் சும்மா நின்றபோதே 88. பறிக்கும்போது 104க்கும் 116க்கும் இடையில். நிறைந்த கூடையோடு மடுவத்துக்கு ஏறிய ஒவ்வொரு முறையும் 149ஐ எட்டியிருக்கிறது. பகல் ஏற்றத்தில் 154. சூத்திரப்படி அவருடைய உச்சம் 165. உச்சத்தில் 93 சதவீதம். சைக்கிள் வீரர்க்கு அது செந்நிறப் பகுதி. அதிலே சில நிமிடம் இருந்தால் பெருமையாகச் சொல்லிக்கொள்வார்கள்.

எட்டு மணி நேரச் சராசரி 108. பள்ளி வாத்தியாரின் புத்தி சும்மா இருக்குமா? பெருக்கினோம். அக்காவின் இதயம் அன்றைய வேலையில் 51,840 முறை துடித்திருந்தது. முந்திய சனிக்கிழமை நாம் பெருமையோடு ஓட்டிய இரண்டு மணி நேரத்தில், சராசரி 128 வீதம், 15,360. அவர் அன்று நிறுத்தது 20 கிலோ. ஈரத்துக்கும் கூடைக்கும் கழித்தது போக 18. பேர் கிடைத்தது, மேலே ஒரு கிலோவும் மிஞ்சவில்லை. 2024இல் சம்பள நிர்ணயச் சபை வழியே உயர்த்தப்பட்ட நாட்சம்பளம் 1,350 ரூபாய். நெஞ்சிலே கட்டியிருந்த பட்டியின் விலை அவருடைய இருபது நாட் சம்பளம்.

பதிவை முடித்தபோது கருவி ஓர் அறிவுரையும் சொல்லியிருந்தது: இனி 41 மணி நேரம் ஓய்வு தேவை. சனிக்கிழமை மாலை நாலரையிலிருந்து எண்ணினால் திங்கட்கிழமை காலை ஒன்பதரை. திங்கட்கிழமைப் பிரட்டு அதற்கு முன்பே முடிந்துவிடும். அதுவுமன்றி ஞாயிற்றுக்கிழமை கைக்காசுக்குக் கொழுந்தெடுக்க அக்கா ஏற்கெனவே சொல்லி வைத்திருந்தார். போகவும் போனார்.

அன்று அக்காவின் மகன் வீட்டிலிருந்தான். கொழும்பிலே மோட்டார் சைக்கிளில் வீடு வீடாக உணவு கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை, விடுப்பில் வந்திருந்தான். வரைபடத்தை நெடுநேரம் பார்த்தான். நாம் உற்சாகத்தோடு, இதைத் தொழிற்சங்கத்தாரிடம் காட்டலாம், சம்பளப் பேச்சிலே வைக்கலாம் என்றோம். உழைப்பின் கடுமையைத் துடிப்பால் வகைப்படுத்தும் முறை புதிதன்று என்றும் விளக்கினோம். சுவீடன் நாட்டு இரும்பாலைத் தொழிலாளரை ஆராய்ந்த கிறிஸ்டென்சன் என்பவர் 1953இலேயே 100 முதல் 125வரை நடுத்தர வேலை, 125 முதல் 150வரை கடும் வேலை, அதற்கும் மேல் மிகக் கடும் வேலை என்று வகுத்திருக்கிறார். எட்டு மணி நேர வேலைக்குச் சராசரித் துடிப்பு 110ஐத் தாண்டலாகாது என்பதும் தொழில் உடலியலார் நெடுங்காலம் கைக்கொண்ட ஒரு வரம்பு.

"அம்மாவுக்கு எவ்வளவு மாமா?" என்றான்.

"108."

"அப்ப இன்னும் ரெண்டு துடிப்பு பாக்கி இருக்குன்னு சொல்லுவாங்க."

நமக்கு விடை தோன்றவில்லை. அவன் தொடர்ந்தான்: "உங்களுக்கு இது வெளையாட்டு மாமா. எனக்கு இதே புள்ளிதான் மொதலாளி. எங்க நிக்கிறேன், எத்தன நிமிசம் நிக்கிறேன், எல்லாம் அதுல தெரியும். மழைக்கு ஒதுங்குனாலும் தெரியும். ஆனா மழைன்னு தெரியாது."

அவன் சொன்னதற்கு ஒரு நூற்றாண்டுக்கு மேற்பட்ட சான்று உண்டு. வரலாற்றில் இரண்டு டெயிலர்கள் இருக்கிறார்கள். ஒருவர் ஜேம்ஸ் டெயிலர். 1867இல் லூல்கந்தரையில் 19 ஏக்கரில் தேயிலை நட்டவர். மற்றவர் அமெரிக்கரான பிரெடரிக் டெயிலர். இரும்பு சுமக்கும் தொழிலாளியின் பின்னே நிறுத்து கடிகாரத்தோடு நின்று, அவன் ஒவ்வோர் அசைவுக்கும் கணக்கு வகுத்தவர். இருவருக்கும் உறவில்லை. எனினும் நமது மக்கள் இருவர் கையிலும் அகப்பட்டவர்கள். தோட்டத்தைப்போல் அளவிலே ஊறிய இடம் வேறில்லை. செக்ரோலில் பேர், அரைப்பேர். மடுவத்தில் நிறுவை, கழிவு. இன்று சில தோட்டங்களில் மின்னணுத் தராசும் அட்டையும் வந்திருக்கின்றன. இவ்வளவு துல்லியமாக எண்ணப்பட்டவர்கள், 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டம் வந்தபோது, பாட்டன் பிறந்த இடத்துக்குப் பத்திரம் காட்ட முடியாமல் நாடற்றவரானார்கள். எத்தனை இறாத்தல் பறித்தார்கள் என்பதற்கு ஏடு இருந்தது. பிறந்தார்கள் என்பதற்கு இல்லை. 2018 ஜனவரியில், பண்டகசாலைத் தொழிலாளியின் கை எங்கே நீள்கிறது என்று கவனிக்கும் மணிக்கட்டுப் பட்டைக்கு அமேசான் நிறுவனம் காப்புரிமை பெற்றது. கருவி யார் கையிலே கட்டப்பட்டிருக்கிறது என்பதோடு, அதன் மறுமுனையை யார் பிடித்திருக்கிறார் என்பதும் கேட்க வேண்டிய கேள்வி. அன்று இஸ்தோப்பில் மறுமுனை நமது திறன்பேசியில் இருந்தது. அக்காவின் பதிவைப் பிறர் எவரும் காணாதவாறு பூட்டினோம்.

ஆனால் 88 என்ற எண் நம்மை உறங்க விடவில்லை. நாளெல்லாம் மலையேறும் ஒருவரின் இதயம் ஓய்விலே மெதுவாகவன்றோ துடிக்க வேண்டும்? மூன்று மாதச் சைக்கிள் நமக்கு ஒன்பது துடிப்பைக் குறைத்துத் தந்திருக்க, நாற்பதாண்டு மலை அவருக்கு ஒன்றையும் தரவில்லையே! திங்களன்று அவரை வேலைக்கு விடாமல் நகரத்து அரசாங்க வைத்தியசாலைக்கு அழைத்துச் சென்றோம். ஒரு பேர் போயிற்று.

இளம் பெண் வைத்தியர் ஒருவர் இருந்தார். நாம் வரைபடத்தை விரித்து விளக்கத் தொடங்கினோம். அவர் பொறுமையோடு ஒரு நிமிடம் பார்த்தார். பின்பு திறன்பேசியை ஒதுக்கி வைத்துவிட்டு, அக்காவின் கீழிமையைப் பெருவிரலால் இழுத்துப் பார்த்தார். சிவந்திருக்க வேண்டிய இடம் வெளிறியிருந்தது. 90 டொலர்க் கருவி சுற்றி வளைத்துச் சொன்னதை அந்தப் பெருவிரல் ஒரு கணத்தில் சொல்லிவிட்டது. இரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 8.4 கிராம். பெண்களுக்கு 12க்குக் குறையலாகாது. ஒட்சிசனைச் சுமக்கும் பொருள் இரத்தத்தில் குறைந்தால், அதே அளவைக் கொண்டு சேர்க்க இதயம் கூடுதலாகத் துடிக்க வேண்டும். இருபது கிலோவைக் காலும் முதுகும் சுமந்தன. இந்தக் குறையை இதயம் சுமந்திருக்கிறது. இதயத்தின் மின்படம் எடுத்தார்கள், அதில் கோளாறில்லை. இந்த வயதில் இரத்தம் எங்கே போகிறது என்று அறிய வேண்டும் என்று வேறு சோதனைகளுக்கும் நாட்குறித்தார். குறித்த ஒவ்வொரு நாளும் ஒரு பேர்.

இரும்புச் சத்து மாத்திரையைக் கையில் கொடுத்து, "அம்மா, இதைத் தேநீரோடு விழுங்காதீர்கள். சாப்பாட்டோடும் சாயத்தண்ணி வேண்டாம். ஒரு மணி நேரமாவது கழிய வேண்டும்" என்றார். தேயிலையிலுள்ள துவர்ப்பு இரும்பைப் பிடித்துக்கொண்டு உடம்பில் சேரவிடாது தடுத்துவிடுமாம். அக்கா நம்மைப் பார்த்தார். ரொட்டியும் கட்டைச் சம்பலும் சாயத்தண்ணியுமே காலை உணவாய் ஐம்பதாண்டு வளர்ந்த உடம்பு. "தேத்தண்ணி இல்லாம எப்புடி தம்பி உள்ள எறங்கும்?" என்று கேட்டார். அவ்வளவுதான் கேட்டார்.

பிற சோதனைகளில் அஞ்சத்தக்கது எதுவும் இல்லை. மே மாதம் மழை தொடங்குமுன் மறுபடி பட்டியைக் கட்டினோம். அதே மலை, அதே மடுவம், ஏறத்தாழ அதே சுமை. நின்றபோது 77, ஏற்றத்தில் 134. ஹீமோகுளோபின் 11.1. ஒருவருடைய இரண்டு நாட் கணக்கு விஞ்ஞானமாகாது. வெயிலும் குளிரும் மாறியிருக்கலாம். தலைசுற்றல் நின்றது என்பது மட்டும் எந்தக் கருவியும் இல்லாமலே தெரிந்தது. சம்பளம், கிலோ, கழிவு, மலையின் செங்குத்து எவையும் மாறவில்லை. மருமகன் சொன்னதும் அப்படியே நிற்கிறது. தொழிற்சங்க நண்பர் ஒருவரிடம் வரைபடத்தைக் காட்டினோம். ஆர்வத்தோடு பார்த்துவிட்டு, நிருவாகத்தின் கண்ணில் இது படாமலிருக்கட்டும் என்று அவரும் சொன்னார். நம்முடைய வாதத்தை நாம் இன்னும் முழுதாகக் கைவிடவில்லை. எண்ணை மறைத்து வைப்பதால் சுமை குறையப் போவதில்லை. ஆனால் அதனை முன்வைக்க வேண்டியவர்கள் சுமப்பவர்களே, வாத்தியார் அல்லர்.

செய்தி லயத்துக்குள் பரவிவிட்டது. "மாஸ்டரோட வார்" என்று அதற்குப் பெயரிட்டிருக்கிறார்கள். அதைக் கட்டினால் இரத்தம் குறைவா என்று தெரியும் என்று யாரோ கிளப்பிவிட்ட கதையை மறுத்து மறுத்து அலுத்துவிட்டோம். வாரை நம்பாதீர்கள், இமையைக் காட்டுங்கள், ஊசி குத்தி இரத்தத்தைச் சோதியுங்கள் என்கிறோம். எனினும் முதலில் வாரைக் கட்டிக்கொண்டால்தான் வைத்தியசாலைக்கு வருவேன் என்கிறார்கள். இதுவரை நாலுபேர் வந்திருக்கிறார்கள். மூவருக்கு மாத்திரை எழுதப்பட்டிருக்கிறது. ஐந்தாவதாகக் கேட்டிருப்பவர் கடைசிக் காம்பராவிலுள்ள இளம் பெண். பிள்ளைக் காம்பராவில் கைக்குழந்தையை விட்டுவிட்டு மலைக்குப் போகிறவர். பட்டியின் மின்கலம் தீர்ந்து கிடக்கிறது. ஹட்டன் கடைத்தெருவில் 'சீ.ஆர். 2032' என்று கேட்டால் கொடுப்பார்கள். வெள்ளிக்கிழமை பள்ளி விட்டதும் போய் வாங்க வேண்டும்.